கஞ்சி குடித்த கம்பளிச் சட்டை

செல்லபாய்: ...நான் சிரிக்கல்ல மாப்பிள்ளே. சத்தியமாட்டு சிரிக்கல்ல. இன்னொருக்கா அதைத் தரையில நிறுத்திக் காட்டும்.

நேசையன்: பாருங்க மைனி. ஆளு இல்லாமலே நிக்கும்.

செல்லபாய்: எனக்க ஆண்டவரே! கையை விரிச்சிட்டு நிக்குதே... பிரசங்கம் பண்ணப்போற மாதிரி!

நேசையன்: பைய, மைனி. பக்கத்து வீட்டுல கேக்கும்.

செல்லபாய்: கேட்டா கேக்கட்டு. இந்தப் பாளையத்துல பாதிப் பேரு கம்பளிச் சட்டையைக் கண்ணால கண்டதில்ல. திருவனந்தபுரத்து வேக்காட்டுல இதை எவன் போடுவான்? ஒமக்குப் போனக்காட்டுத் தேயிலை மலையில வேலை, பனி, போடுதீரு. அது செரி. அதுக்குக் கஞ்சி எதுக்கு முக்கினீரு?

நேசையன்: வேட்டிக்கு முக்குவோம்லா...

செல்லபாய்: இது வேட்டியா?

நேசையன்: வேட்டிக்கே அவ்வளவு மரியாதை குடுக்கோம். இது எனக்க ரோஸு கல்யாணத்துக்கு முன்னே பின்னித் தந்ததுல்லா! ஏழு வருசமா உடம்பை விட்டு இறக்காத சட்டை. தேயிலைப் புகை, அட்டை கடிச்ச ரத்தம், வேர்வை... நாத்தம் தாங்கல்ல. அவ இண்ணைக்கு அம்மை வீட்டுலேருந்து வாறா. ஒரு மாசம் கழிச்சு வாறா மைனி! வெளுத்து, மொடமொடண்ணு போட்டுக்கிட்டு, பஸ்ஸு வாற இடத்துல போய் நிக்கலாம்னு...

செல்லபாய்: இந்த வெயில்லயா?

நேசையன்: ஆசைக்கு வெயிலு தெரியுமா?

செல்லபாய்: எனக்க சித்தி மக குடுத்து வச்சவ. செரி, கஞ்சி மட்டுந்தானா?

நேசையன்: கொறச்சு நீலமும்.

செல்லபாய்: பச்சைச் சட்டைக்கு நீலமா!

நேசையன்: நீலம் போட்டா எதுவும் பளிச்சிண்ணு ஆகும்னு எனக்க கூட்டுக்காரன் தங்கப்பன் சொன்னான். சாலைக்கடைப் பக்கம் அவனுக்க அறையிலதானே ராத்திரி தங்கினேன்.

செல்லபாய்: அவனும் ஒம்மைப் போல புத்திசாலிதான். காயப் போட்டது எப்படி?

நேசையன்: கொடியில. ரெண்டு தோளையும் பிடிச்சு நல்லா இழுத்துக் கெட்டி.

செல்லபாய்: அதான் முழங்கால் வரை இறங்கிட்டு. ஈரக் கம்பளியைத் தொங்கப் போட்டா அதுக்க கனமே அதை இழுத்துரும். சட்டையா இது? பாதிரியாருக்க அங்கி.

நேசையன்: குறையுமா மைனி?

செல்லபாய்: இரும், இரும். வலது முழங்கையில இது என்ன ஓட்டை?

நேசையன்: எலி.

செல்லபாய்: எலியா!

நேசையன்: கஞ்சி மணத்துக்கு வந்திருக்கும். பாவம், அதுக்கு என்ன தெரியும்.

செல்லபாய்: எலிக்கு இருக்க ருசி ஒமக்கு இல்லாமப் போச்சே. கஞ்சிக்கு உப்புப் போட்டிருந்தா முழுசும் தின்னிருக்கும்!

நேசையன்: சிரிச்சது போதும். நீங்க பள்ளிக்கூடத்துல தையலும் பின்னலும் சொல்லிக் குடுக்கவங்க. ஒங்களை விட்டா எனக்கு யாரு? அவ நாலு மணி பஸ்ஸுக்கு வாறா. இதைப் பாத்தா அழுவா. எனக்கு அது தாங்காது. அவ கையால பின்னினதை நானே கெடுத்துப் போட்டேன்னு...

செல்லபாய்: அவ கையால... ஆமா. அவ கையாலதான். செரி, மணி என்ன?

நேசையன்: பத்து அடிச்சு.

செல்லபாய்: அடுக்களையில வெந்நி கிடக்கு. தொட்டியில ஊத்தி, பச்சைத் தண்ணி கலந்து கொண்டு வாரும். பிள்ளையைக் குளிப்பாட்டுத சூடு. அதுக்கு மேல கூடாது. முழங்கையை முக்கிப் பாரும்.

நேசையன்: எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே மைனி, எனக்கு அந்த சூடு எங்க தெரியும்?

செல்லபாய்: வரும், வரும். அதுக்கும் சேத்து இப்பமே படிச்சுக்கிடும். அந்தப் பூந்திக்கொட்டைத் தண்ணியையும் எடும். சோப்பு வேண்டாம்.

நேசையன்: ...இந்தாங்க. செரியான சூடு. ஒரு கசக்கு கசக்கட்டா?

செல்லபாய்: கசக்காதீரும்! கையை எடும்! கம்பளியைக் கசக்கினா சுருண்டு பொம்மைச் சட்டை ஆயிரும். அமுக்கும். விடும். அமுக்கும். விடும்.

நேசையன்: கல்லுல ரெண்டு அடி அடிச்சா கஞ்சி பெட்டெண்ணு போகும்லா?

செல்லபாய்: ஒம்மைத்தான் அடிக்கணும். பைய அமுக்கும்... இடது கக்கத்துக்கு உள்ளே ஒரு முடிச்சு உண்டு. அதைப் பிடிச்சு இழுத்துராதீரும், அவுந்துரும்.

நேசையன்: முடிச்சா? ...ஆமா, உண்டு. மைனி, நீங்க இன்னும் உள்பக்கம் பாக்கவே இல்லையே?

செல்லபாய்: எல்லாச் சட்டையிலயும் உண்டு. நூலு தீந்தா முடிச்சுப் போட்டுத்தானே ஆகணும்.

நேசையன்: இடது கக்கத்துலதான் தீருமா?

செல்லபாய்: ...தண்ணி எப்படி வெளுத்து வருதுன்னு பாரும். ஒரு ஆளுக்குப் பசியாறும், அவ்வளவு கஞ்சி!

நேசையன்: கேட்டதுக்குப் பதிலு காணல்ல.

செல்லபாய்: அடுத்த தண்ணி எடும். இது போல ரெண்டு தண்ணி. கடைசியில நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. நீலம் போகும், நெறம் தெளியும்.

நேசையன்: இதெல்லாம் ரோஸுக்கும் தெரியும் இல்லையா மைனி?

செல்லபாய்: பின்னே? தெரியாமலா இவ்வளவு அழகாப் பின்னினா?

நேசையன்: அதானே. போன மழைக்கு எனக்கு ஒரு மப்ளர் தொடங்கினா. ராவும் பகலும் கையில கம்பி. மழை வந்து, மழை போயி, பனி வந்து... நாலு விரக்கடை.

செல்லபாய்: நாலு விரக்கடை மப்ளரா?

நேசையன்: அதும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். ஒருநாள் பாத்தா அதை வச்சு அடுப்புலேருந்து சட்டி இறக்குதா.

செல்லபாய்: அது... மலையில வெளிச்சம் கொறவுல்லா. பின்னல் கண்ணி தெரிஞ்சிருக்காது.

நேசையன்: வெளிச்சம் கொறவு. செரிதான்.

செல்லபாய்: இனி தூக்கும். கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீரும்! ரெண்டு கையையும் அடியில குடுத்து... அப்படி. தோர்த்துத் துண்டை விரிச்சிருக்கேன், அதுல கிடத்தும். பாயைச் சுருட்டுத மாதிரி சுருட்டும். பிழியாண்டாம். மேல ஏறி நில்லும்.

நேசையன்: ரோஸுக்க சட்டை மேல நான் காலு வைக்கதா? மாட்டேன்.

செல்லபாய்: கஞ்சி முக்கும்போ இல்லாத பக்தி இப்ப எங்கேருந்து வந்து? ஏறும்!

நேசையன்: ...ஏறியாச்சு. தோர்த்து நனையுது.

செல்லபாய்: அதுக்குத்தான். இனி கட்டில்ல போர்வையை விரிச்சுப் பரத்துவோம். வெயில் வேண்டாம், காத்து போதும். இப்பமே இதை ஒமக்க அளவுக்குத் தட்டித் தட்டிக் கொண்டு வரணும். காயும்போ அப்படியே நிக்கும். தோளு ரெண்டு சாண். நீளம் மூணு சாணும் நாலு விரலும். கையி ரெண்டரைச் சாண்...

நேசையன்: அளவு நாடா இல்லாமலா?

செல்லபாய்: ஒம்மைப் பாத்தா தெரியாதா?

நேசையன்: நாலு விரலு வரைக்குமா தெரியும்?

செல்லபாய்: ஒமக்க பழைய சட்டை ஒண்ணு அளவுக்கு வாங்கிட்டு வந்து சித்திதான் எனக்கு... எனக்குக் காட்டினா. சும்மா. பாக்கதுக்கு.

நேசையன்: சும்மா பாத்தது ஏழு வருசமா நினைவு இருக்கு.

செல்லபாய்: டீச்சரு வேலை அப்படி. அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து ஊசி எடும். ஓட்டையை அடைக்கணும். அடியில பச்சை நூலு உருண்டை கிடக்கும்.

நேசையன்: வேப்பிலை மணக்குது... மைனி! இது அச்சு அசலா இதே நூலுல்லா!

செல்லபாய்: அதா? அது... ரோஸு மிச்சத்தைத் தந்து வச்சா.

நேசையன்: ஏழு வருசமா?

செல்லபாய்: காஞ்ச வேப்பிலையும் நாலு மிளகும் போட்டா நூலு கெடாது. பூச்சி வராது.

நேசையன்: நூலு கெடாது. செரிதான்.

செல்லபாய்: என்ன, எல்லாத்துக்கும் செரிதான் செரிதான்னுட்டு! சட்டை பாதி காஞ்சிட்டு, இந்தப் பேன்சீப்பைப் பிடியும். உள்ளங்கையை அடியில குடுத்து, நெஞ்சுப்பக்கம் உருண்டை உருண்டையாப் பொடிச்சு நிக்குதே, அதைப் பைய வாரும். ஒரே பக்கமா வாரணும்.

நேசையன்: சட்டைக்குப் பேன் பாக்கதை இண்ணைக்குத்தான் காணுகேன்.

செல்லபாய்: வாரும்... பாரும், புதுசு போல வருது. முழங்கையில செத்துப்போன கண்ணியை ஒண்ணொண்ணாட்டு எடுத்துப் பின்னிட்டேன். எலி வந்த வழி தெரியுதா?

நேசையன்: கொள்ளாம் மைனி! எலியே வந்து தேடினாலும் கிட்டாது.

செல்லபாய்: இனி இந்த இடது கைப்பட்டி. இது ஆதியிலேருந்தே கோணல். பாரும், பாவக்கா மாதிரி வளைஞ்சு... அவுத்துட்டுப் பின்னிருதேன். அரை மணிக்கூர் போதும்.

நேசையன்: அது கிடக்கட்டு.

செல்லபாய்: ஏன்?

நேசையன்: நேரம் இல்லல்லா.

செல்லபாய்: நேரம் நிறைய உண்டு.

நேசையன்: எனக்கு இடது கைமணிக்கட்டு கொறச்சு பெருசு.

செல்லபாய்: நீட்டும் பாப்போம். ...ரெண்டும் ஒண்ணுதான்.

நேசையன்: வாட்ச்சு கட்ட சௌகரியம்.

செல்லபாய்: ஒமக்கு வாட்ச்சு உண்டா?

நேசையன்: வாங்குவேன்லா.

செல்லபாய்: இவ்வளவு நல்ல சட்டையில இது ஒண்ணு நாணக்கேடாட்டுத் தொங்குதேன்னு சொல்லுதேன்...

நேசையன்: நாணக்கேடா? எனக்க அம்மை கண்ணு முன்னால பின்னினதுல்லா அது! பெண்ணு காண வந்த அண்ணைக்கு நீங்களும் இருந்தீங்களே. ரோஸு மடியில முழுச் சட்டை, இந்த ஒரு கைப்பட்டி மட்டும் பாக்கி. அம்மை சொன்னா, "பின்னு மோளே, நான் காணட்டு"ன்னு.

செல்லபாய்: மறப்பேனா! சொல்லாமக் கொள்ளாம வந்து இறங்கினாங்களே. எனக்கு உயிரே... அதாவது, சித்திக்கு வெப்ராளம், பதட்டம். காப்பி போடணும்லா.

நேசையன்: ஒரு மணிக்கூர் பின்னினா. அம்மை இருந்து கண்டா. நான் வெளியே வண்டிக்கிட்ட நின்னேன். திரும்பி வரும்போ வண்டியில அம்மை எனக்கிட்ட ஒண்ணு சொன்னா மைனி...

செல்லபாய்: அது கிடக்கட்டு! நெஞ்சுப்பக்கம் வாரி முடிச்சீரா?

நேசையன்: என்ன சொன்னான்னா...

ரோஸ்: அக்கா! அக்கோவ்! கதவு ஏன் சாத்திக் கிடக்கு?

நேசையன்: ஐயோ! ரோஸு! நாலு மணின்னுல்லா எழுதியிருந்தா!

செல்லபாய்: போர்வையைத் திருப்பிச் சட்டையை மூடும்! சீப்பை ஒளிச்சு வையும்! ...வாறேன் பிள்ளே, இதா வாறேன்!

ரோஸ்: முந்துன பஸ்ஸுல இடம் கிட்டிச்சு அக்கா. பலாப்பழம் கொண்டாந்தேன், கையி இத்துப் போச்சு. கட்டில்ல வைக்கட்டா?

செல்லபாய்: வைக்காதே!

நேசையன்: வைக்காதே!

ரோஸ்: நீங்க இங்க என்ன செய்யுதீங்க? கட்டில்ல யாரு கிடக்கா?

நேசையன்: யாரும் இல்லயே.

ரோஸ்: போர்வைக்கு வெளியே ஒரு கையி நீண்டு கிடக்கு!

நேசையன்: அது... ரோஸு, இருந்து மூச்சு விடு. தண்ணி குடி. அழக் கூடாது. நான்... சட்டைக்குக் கஞ்சி போட்டுட்டேன்.

ரோஸ்: எந்தச் சட்டைக்கு?

நேசையன்: நம்ம சட்டைக்கு.

ரோஸ்: கம்பளிச் சட்டைக்கா! கஞ்சியா!

செல்லபாய்: நீலமும்.

ரோஸ்: நீலமுமா!

செல்லபாய்: எலியும்.

நேசையன்: மைனி, போதும்.

ரோஸ்: எனக்கு... ஐயோ, வயிறு வலிக்குது... சட்டையும் மனுசனும் ஒண்ணாட்டுக் கஞ்சியில குளிச்சிருப்பீங்களே!

நேசையன்: சிரிக்கியா? நான் பயந்து செத்தேன்!

செல்லபாய்: அந்தக் கஞ்சித்தண்ணித் தொட்டியைக் கொண்டு போய் தென்னைமூட்டுல ஊத்திட்டு, கிணத்துல தொட்டியைக் கழுவிட்டு வாரும் மாப்பிள்ளே. மீதிப் பேச்சு பிறகு.

நேசையன்: இதா வந்துட்டேன்.

ரோஸ்: ...அக்கா. அவங்களுக்கு சம்சயம் வந்துதா?

செல்லபாய்: எனக்குத்தான் நாக்கு நிக்கல்ல. முடிச்சு, அளவு, நூலு... எல்லாத்தையும் ஒளறிட்டேன். நல்ல காலம், ஆம்பிளைக்கு ஒண்ணும் தெரியல்ல.

ரோஸ்: நான் சொல்லிரப் போறேன் அக்கா. எனக்கு முடியல்ல. சட்டை பின்னினது நீங்க, பேரு எனக்கு. அம்மை தரகன்கிட்ட "எங்க பிள்ளை எல்லாம் பின்னுவா"ன்னு ஒரு வாக்கு விட்டாளே, அது ஏழு வருசமா எனக்க நெஞ்சுல இருந்து குத்துது.

செல்லபாய்: சும்மா இரி. நல்லா வாழுதீங்க. எதுக்கு இப்ப போய்...

ரோஸ்: அவங்க சும்மா இருக்க மாட்டாங்க அக்கா. யாரு வந்தாலும் கையை நீட்டி "எனக்க ரோஸு பின்னினது"ன்னு காட்டுவாங்க. அதும் எந்தக் கையை? இடது கையை! நல்ல கையி ஒண்ணு இருக்கும்போ, அந்தக் கோணக் கையை! கண்டவங்க எல்லாம் எனக்க மூஞ்சியைப் பாக்காங்க. எனக்குப் பூமிக்குள்ள போயிரலாம்போல இருக்கும். இந்த ஒரு மாசமும் அம்மை வீட்டுல இருந்து பின்னிப் படிச்சேன்.

செல்லபாய்: அப்படியா! கொண்டா பாப்போம்.

ரோஸ்: ...இதா.

செல்லபாய்: ம்ம்... இதுவும் பாவக்கா தான்.

ரோஸ்: தெரியும். அதான் அக்கா, அந்த இடது கைப்பட்டியை மட்டும் அவுத்து நீங்களே பின்னித் தந்துருங்கோ. அதையாவது எவன் பாத்தாலும் கொள்ளாம்னு சொல்லட்டு. ஒங்களைக் கும்பிடுதேன்.

செல்லபாய்: நான் அப்பமே சொன்னேன், ஒனக்க ஆளு கேக்கல்ல. கத்திரியை எடு. அவரு வாறதுக்கு முன்னே...

நேசையன்: கத்திரியைக் கீழே வையுங்க மைனி.

செல்லபாய்: வந்தாச்சா! ஒண்ணும் இல்ல மாப்பிள்ளே, ரோஸுதான் சொல்லுதா, இந்தக் கோணலை...

ரோஸ்: ஆமா, நான்தான் சொன்னேன். அவுத்துக் களையட்டு. மத்தது எல்லாம் நேரா இருக்கும்போ அது மட்டும் ஏன் அப்படிக் கிடக்கணும்?

நேசையன்: வண்டியில எனக்க அம்மை என்ன சொன்னான்னு இந்த மைனி கடைசி வரை சொல்ல விடல்ல. நீயாவது கேளு. "மோனே, சட்டை பின்னினது அந்த அக்காக்காரி, அவ பக்கத்துல இருந்து கண்ணாலயே பின்னிட்டு இருந்தா. இந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணி எடுக்கத் தெரியாது. வேர்த்து, விரலு விறைச்சு, அந்த நாலு விரக்கடைப் பட்டி முடியுத வரைக்கும் அழவும் இல்ல, கம்பியைக் கீழே வைக்கவும் இல்ல. இவளையே கல்யாணம் கெட்டு, நீ பிழைச்சுக்கிடுவே"ன்னு சொன்னா. அதனாலயாக்கும் ரோஸு நான் எல்லாருக்கும் இடது கையை நீட்டுதது. அதைத் தொடாதீங்க மைனி... எனக்க ரோஸு பின்னினது அது ஒண்ணுதானே.